கேட்க வந்தவன்

கம்பிக்கு அந்தப் பக்கம் திரை விலகியது.

வெள்ளை அங்கி. கறுப்பு முக்காடு. நடுவில், அப்படியே அப்பாவின் மூக்கு.

"என்னண்ணே, இப்படி மெலிஞ்சிட்டிய?"

இத்தனை வருஷம் கழித்துத் தங்கை கேட்ட முதல் கேள்வி. சிரித்துக்கொண்டே கம்பிகளுக்கு நடுவே விரல்களை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான்.

உள்ளே போனவர்கள் வெளியே வராத மடம். அமலி சொந்த ஊரான வேம்பாரிலிருந்து கடல் கடந்து இங்கே வந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. போன வருஷம் அப்பாவின் அடக்கத்தை போனில்தான் பார்த்தாள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது படம் நின்றுவிட்டது.

அன்றைக்கே அவன் முடிவு செய்தான். இவளைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

மடத்தில் அவளைத் தவிர எல்லோரும் கிழவிகள். விரும்பினால் சொந்த நாட்டில் உள்ள மடத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று மேலிடமே சொல்லியிருந்தது. மதுரைப் பக்கம் ஒரு மடத்தில் அவன் பேசியும் வைத்திருந்தான். இவள் சரி என்றால் போதும்.

அதைக் கேட்கத்தான் வந்திருந்தான்.

ஊரில் சுற்றுலா என்று சொல்லிவிட்டுத்தான் அவனும் மனைவி செலினும் கிளம்பினார்கள். மடம் இருக்கும் இந்தக் காஸ்டீல் பகுதி முழுக்கக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினார்கள். பூர்கோஸ் பேராலயத்தில் கல்லில் லேஸ் பின்னியிருந்தார்கள். கூரையில் ஒரு கல் நட்சத்திரம். அதன் இடுக்குகளில் வானம் தெரிந்தது. இன்னொரு மடத்தில் தூண்கள் இரண்டிரண்டாக ஒட்டி நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் வேறு வேறு பறவை. செலின் கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தாள்.

அவன் எல்லா இடத்திலும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போதும் அமலி. வா, போவோம்.

இப்போது வாயைத் திறந்தான்.

மணி அடித்தது.

"ஜெபத்துக்கு நேரமாயிட்டுண்ணே. கோயில்ல போயி இருங்க, முடிச்சிட்டு வாரேன்." திரையைப் பிடித்தவள் நின்றாள். "தொளாயிரம் வருசமா ஒரு நாளும் நிக்கலியாம். சண்டை நடந்தப்பகூட."

திரை மூடிக்கொண்டது.

கோயில் சின்னது. பொன் இல்லை, ஓவியம் இல்லை, டிக்கெட் கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஓர் ஆள் படுக்கலாம் போன்ற அகலத்தில் சுவர். அதில் கையகல ஜன்னல். மாலை வெயில் அதன் வழியே ஒற்றைக் கோடாக வந்து எதிர்ச்சுவரில் நின்றது.

கடைசி பெஞ்சில் கைத்தடியோடு ஒரு பெரியவர். வேறு யாருமில்லை.

பீடத்துக்குப் பக்கவாட்டில் இன்னொரு கம்பித் தடுப்பு. அதற்குள்ளிருந்து பாட்டு எழுந்தது.

கிழட்டுக் குரல்கள். நடுங்கின. நடுவில் யாரோ இருமினார்கள். அவனுக்குப் பாவமாக இருந்தது.

இதற்காகவா?

பிறகு அந்தக் கல்சுவர் பாட்டை வாங்கிக்கொண்டது.

குரல்கள் சுவரில் ஏறின. மேலே வளைவில் சேர்ந்தன. திரும்பி இறங்கியபோது அது நாலைந்து கிழவிகள் பாடியதாக இல்லை. எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. பெஞ்சின் பலகையில் வைத்த உள்ளங்கையில் அதன் அதிர்வு தெரிந்தது.

அவன் செபமாலையைத் தேடிச் சட்டைப்பையில் கையை விட்டான். விட்ட கையை எடுக்க மறந்தான்.

சங்கீதத்தின் பாதியில் ராகம் மேலே போனது. கிழவிகளுக்கு மூச்சு போதவில்லை. ஒரு குரல் நின்றது. அடுத்ததும் நின்றது. ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

ஒன்று மட்டும் உதிரவில்லை.

அமலி.

ஊர்க் கோயில் பாடகர் குழுவில் அவளைச் சேர்க்கவே இல்லை. சுருதி சேராத பிள்ளை என்று உபதேசியார் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அந்தக் குரல்தான். தனியாக. அவசரமே இல்லாமல்.

அவ்வளவு பெரிய மௌனத்தின் நடுவே அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மற்றவர்கள் மூச்சு வாங்கி, ஒருவர் பின் ஒருவராக வந்து அதைப் பற்றிக்கொள்ளும்வரை.

எப்போது முழந்தாளிட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் எழுந்தபோது சுவரில் வெயில் இல்லை. பெரியவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

பேசும் அறையில் திரை மறுபடி விலகியது. அமலிக்கு இன்னும் மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை.

"என்னமோ சொல்ல வந்தியளேண்ணே?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கும் இதே நேரந்தானா?"

"தெனமும் இதே நேரந்தான்."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையசைத்தாள். அண்ணி எங்கே என்று கேட்டாள். செலினின் மூட்டுவலியைப் பற்றிக் கேட்டாள். வேம்பாரில் மழை பெய்ததா என்று கேட்டாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

செலின் வெளியே கல்படியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனும் தங்கையும் தனியாகப் பேசட்டும் என்று அவள் உள்ளே வரவில்லை. மணிக்கூண்டின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அவனைக் கண்டதும் எழுந்தாள்.

"கேட்டியளா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

அவன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். அவளையும் கைபிடித்து உட்கார வைத்தான்.

"நாளைக்கு நீயும் உள்ள வா செலின். வந்து கேளு."