ஒரு விரக்கடை தள்ளி

"ரெண்டு பேரு உள்ள போகலாம் போலிருக்கே இதுக்குள்ள!"

ஆஸியா வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கனகவள்ளி அலறினாள். பட்டு பிளவுஸ் தோளில் நிற்காமல் சரிந்தது. கை தொளதொளவென்று ஆடியது.

நாளைக் காலை பதினோரு மணிக்கு மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"நான் முன்னாடியே சொன்னேன்லா யக்கா" என்றாள் ஆஸியா. "எனக்கு என் துணி தைக்கத்தான் வரும். அதுவும் பொழுது போகணுமேன்னு தைக்கது. கீழ ஜெபாகிட்ட குடுங்கன்னேன், நீங்கதான் கேக்கல."

சொன்னாள்தான். யார் கேட்டது? பெருநாளைக்கு அவளே தைத்துப் போட்டிருந்த சுடிதாரைப் பார்த்து தாராவியின் அந்த ஏழு மாடிக் கட்டடமே வாயைப் பிளந்தது. குர்லா மார்க்கெட் கட்பீஸ் என்றால் நம்ப ஆளில்லை. போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவளாம்! அன்றைக்கே கனகவள்ளி முடிவு பண்ணிவிட்டாள், மகள் நிச்சயத்துக்கு இவள் கையால்தான் பிளவுஸ் என்று.

சாதாரணச் சேலை என்றால் போகட்டும். இது அண்ணன் அய்யாத்துரை ஊரிலிருந்து அனுப்பியது. ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன். 'இதைக் கட்டிக்கிட்டு சபையில நில்லு, நான் வாரேன்' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தான். பிளவுஸ் துணியும் சேலையோடு சேர்த்து நெய்தது. பம்பாய் முழுக்க அலைந்தாலும் வேறு கிடைக்காது.

இந்நேரம் அண்ணனும் மதினியும் ரயிலில் வந்துகொண்டிருப்பார்கள். வேறு பிளவுஸ் போட்டு நின்றால் மதினி கண் முதலில் அங்கேதான் போகும். 'நாம குடுத்தத உங்க தங்கச்சி மதிச்ச லட்சணத்தப் பாத்தியளா' என்று ஒரு வார்த்தை போதும். அண்ணன் அப்படியே திரும்பிவிடுவான்.

கனகவள்ளி அதைக் கழற்றிவிட்டுப் பழைய பிளவுஸை மாட்டிக்கொண்டாள்.

"ஒன் துணின்னா அச்சு வார்த்த மாதிரி தைக்க. அடுத்தவ துணின்னா இளக்காரமா போச்சோ?"

ஆஸியா தலையைக் குனிந்துகொண்டாள். "கோவப்படாதீங்க யக்கா. மத்தியானம்தான ஆவுது. ஜெபா சரி பண்ணித் தந்துருவா. ஜல்தி போங்க."

கனகவள்ளி பிளவுஸைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போதே ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"யாரும் இனிமே அந்த ஆஸியாகிட்ட துணி குடுக்காதீங்க! நாசம் பண்ணிருவா!"

இரண்டாம் மாடியில், ஆஸியாவிடம் தைக்கக் கொடுக்கத் துணிப்பையோடு மேலே ஏறி வந்த பக்கத்து வீட்டு சுப்புலக்ஷ்மி திகைத்து நின்றுவிட்டாள்.

கீழே படிக்கட்டுக்கு அடியில்தான் ஜெபசெல்வியின் தையல் மிஷின். புருஷன் போனபிறகு ரெண்டு பிள்ளைகளை அந்த மிஷினை மிதித்துத்தான் வளர்க்கிறாள். பத்து நாளைக்கு முன் இதே துணியை முந்தானையில் மறைத்துக்கொண்டு கனகவள்ளி அவளைத் தாண்டிப் போனாள். இப்போது எந்த முகத்தோடு நீட்டுவது?

"ஜெபா... நாளைக்கு இத உடுத்திக்கிட்டு எங்க அண்ணன் முன்னால நிக்கணும் தாயி" என்றாள்.

ஜெபசெல்வி பிளவுஸை வாங்கி உட்புறம் திருப்பினாள். தையலை விரலால் தடவினாள்.

"என்னத்தா, பேச மாட்டேங்க? வீணாப் போச்சா? பட்டுலா, பிரிச்சா ஊசித் தடம் தெரியுமே..."

"பிரிக்கவே வேண்டாம் யக்கா. அரை மணி நேரம் உக்காருங்க."

"அரை மணி நேரமா?"

"வெட்டெல்லாம் ஒங்க அளவுக்குக் கச்சிதமா இருக்கு. கழுத்த தப்பா வெட்டிட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுல ஒரு நூல் பிசகில்ல." உட்புறத்தைக் காட்டினாள். "இந்தா, சாக்பீஸ் கோடு தெரியுதா? இதுதான் ஒங்க அளவு. இந்தக் கோட்டு மேல தைச்சிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும். ஒரு விரக்கடை வெளிய தள்ளித் தைச்சிருக்கா."

"அது ஏன் அப்படி?"

"இறுக்கமா தைச்சுக் கெடுத்திருந்தா பிரிக்கையில தடம் வெளிய தெரிஞ்சிரும். லூசா இருந்தா, நான் கோட்டு மேல ஒரு தையல் ஓட்டினாப் போதும். பழைய தடமெல்லாம் உள்ளயே போயிரும்." ஜெபசெல்வி ஊசியில் நூல் கோத்தாள். "ரெண்டு மாசத்துல இது அஞ்சாவது பிளவுஸ் யக்கா. அஞ்சும் அவ கையில குடுத்தது. அஞ்சும் இதே மாதிரிதான், வெளிய சொல்லிக்காம எங்கிட்ட வந்துச்சு."

கனகவள்ளி சாக்பீஸ் கோட்டையும் தையலையும் மாறி மாறிப் பார்த்தாள். தெரிந்தேதான் தள்ளித் தைத்திருக்கிறாள்!

"நீ அவகிட்ட கேட்டியா?"

"நான் கேட்டதுமில்ல, அவ சொன்னதுமில்ல."

அரை மணி நேரம் கழித்து, மிஷினுக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் நின்று போட்டுப் பார்த்தாள். உடம்போடு ஒட்டிப் பிறந்த மாதிரி நின்றது. கனகவள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனை நினைத்து வந்ததா, வேறு எதற்காகவா, தெரியவில்லை.

பிளவுஸை மடித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறினாள். சுப்புலக்ஷ்மி இன்னும் இரண்டாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள், பையை நெஞ்சோடு அணைத்தபடி.

"யக்கா, கோவத்துல சொன்னியளா? நெசமாவே அவ கெடுத்துருவாளா? இது எங்க அம்மா எடுத்துக் குடுத்த துணி..."

கனகவள்ளி நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆஸியா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகிவிட்டதா என்கிற பதைப்பு அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அவளைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தாள் கனகவள்ளி. பிறகு மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னாள்:

"அவளுக்குத் தைக்கவே தெரியாதுட்டி! பேசாம கீழ ஜெபாகிட்ட குடு!"