பூனைக் கீறல்

கார் செங்கல் அடுக்குகளின் மேல் காலில்லாமல் நின்றது. அதன் நான்கு சக்கரங்களும் கூடத்தில், செய்தித்தாள் மெத்தையில், மாப்பிள்ளை மிடுக்கோடு சாய்ந்திருந்தன. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் உப்புத்தாளால் தேய்த்த தேய்ப்பில் பறந்த தூசி, பக்கத்து நாட்டையே இருட்டாக்கியிருக்கும்.

“ஞாயித்துக்கிழமை உன் தங்கச்சி வீட்டுக்கு நான்தான் ஓட்டுவேன். காலமெல்லாம் பஸ் ஓட்டினவன்டி!” என்றபடி சக்கரங்களுக்கு வெள்ளிநிறப் பெயின்ட்டை அடித்தார்.

“பூனை விடணுமே” என்றாள் மனைவி.

“கையில கிடைக்கட்டும், அதுக்கும் ரெண்டு கோட்டிங் அடிச்சிடுறேன்!”

ஒவ்வொரு முறையும் பெயின்ட் காய்ந்ததும் நீளமாக ஒரு கீறல் விழும். அவர் மறுபடி முதலிலிருந்து தேய்ப்பார். அந்தப் பூனை வேறு யாருமல்ல, மனைவிதான். போன மாதம் ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் வாசல் கேட்டைச் சாய்த்ததிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதென்றாலே அவளுக்குப் பயம். ‘இனிமே ஓட்டாதீங்க’ என்று சொன்னால் மனிதர் முகத்தைக் கூரை உயரத்துக்குத் தூக்கிவைத்துக்கொள்வார்.

சனிக்கிழமை மதியம் அவர் நாற்காலியில் குறட்டை விட்டார். பீரோ சாவியோடு அவள் மெல்ல வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சக்கரத்தில் ஏற்கெனவே ஒரு புத்தம்புதுக் கீறல்.

குறட்டை விட்டவரின் கையில் கார் சாவி. அதன் நுனியில் வெள்ளித் தூள். கேட் சாய்ந்த மறுநாளே அவர் சக்கரங்களைக் கழற்றியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “என்னங்க, மறுபடியும் பூனை!”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “சனியன் பிடிச்ச பூனை! சரி விடு, நாளைக்கு பஸ்லயே போயிடலாம்.”