வளை நெல்

அறுப்பு முடிந்த வயலில் காட்டெலி வளைகளைத் தோண்டினால், எலிகள் சேர்த்துவைத்த நெல் கூடை நிறையக் கிடைக்கும். அந்த நெல்லின் அரிசிக்கு அப்படியொரு இனிப்பு. ஏகாத்தாள் முதல் பிடியை எப்போதும் சினையாட்டுக்குத்தான் வைப்பாள். இந்த முறையும் அப்படித்தான் வைத்தாள். இப்போது அந்த ஆடு மண்சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, இழுத்தாலும் நகராமல் நின்றது. வாயிலிருந்த தழை அசையாமல் தொங்கியது.

மாட்டு டாக்டர் கையைக் கழுவினார். "எலி மூத்திரத்துல இருக்குற கிருமிம்மா. மூளைக்கு ஏறிடுச்சு, இனி பொழைக்காது. நெல்லு மிச்சம் இருந்தா கை படாம எரிச்சிடு."

குடிசைக்குள் உலக்கைச் சத்தம் நின்றது. மகள் பவுனு முறத்தோடு வாசலுக்கு வந்தாள். எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"யம்மா, இந்தத் தடவ அரிசி என்னா இனிப்பு!"