பதினெட்டாவது கட்டம்

"கோடு போட்டுட்டீங்களே! உங்களை யாரு போடச் சொன்னா?"

ரம்ஷா போட்ட சத்தத்தில், நிக்காஹ் பதிவு செய்யும் மௌலவியின் கையிலிருந்த டீ தளும்பியது.

நாளைக்கு லாகூரில் அவளுக்கு நிக்காஹ். கையில் மருதாணி காய்வதற்குள் சித்தியை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள், நிக்காஹ் படிவத்தை ஒரு தரம் பார்த்துவிட. பயந்தபடியே ஆகிவிட்டது. பதினெட்டாவது கட்டத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோடு.

தலாக் சொல்லும் உரிமையை மனைவிக்கும் கணவன் கொடுக்கிறானா என்று கேட்கிற கட்டம் அது. அதை அடித்துவிட்டால், பின்னால் ஒன்று என்றால் கோர்ட்டே கதி.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் தலாக் பேச்சா? நல்லா இருக்குடி!" சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"உனக்கும் இப்படித்தானே அடிச்சாங்க? பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சது மறந்துபோச்சா?"

ரம்ஷா மௌலவி பக்கம் திரும்பினாள்.

"தாடி நரைச்சா போதுமா? பேராசிரியர் கர்தேஜி சாகிப் எழுதின சட்டப் புத்தகம் படிச்சிருக்கீங்களா? இந்தக் கட்டத்தை அடிக்கிறவன் மார்க்கத்துக்கே துரோகின்னு எழுதியிருக்கார். அவர்தான் எனக்கு மாமனாரா வரப்போறவர். அதைப் படிச்சுத்தான் அந்த வீட்டுக்கே சம்மதிச்சேன். இதைப் பார்த்தார்னா உங்க பதிவாளர் வேலை போயிடும், தெரியுமா?"

மௌலவிக்குக் கோபம் வரவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தையே எடுத்து வந்தார். அட்டை கிழிந்து, பக்கமெல்லாம் அடிக்கோடு.

"ரெண்டு தரம் படிச்சேன் மகளே. அதுக்கப்புறம் ஒரு பொண்ணுக்கும் நான் இதை அடிச்சதில்ல. உனக்கும் 'உண்டு'ன்னுதான் எழுதினேன். கோட்டுக்கு அடியில என் எழுத்து இருக்கு, பாரு."

குனிந்து பார்த்தாள். இருந்தது.

"அப்ப... அடிச்சது யாரு?"

"காலையில உன் மாமனார் வந்தார், மாப்பிள்ளை வீட்டு விவரமெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க. இதைப் பார்த்ததும் தன் பேனாவை எடுத்து அடிச்சிட்டார். அவர் புத்தகத்தையே பிரிச்சு அவர் முன்னால வச்சேன்."

"என்ன சொன்னார்?"

மௌலவி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"'மௌலவி சாகிப், அது ஊருக்கு எழுதினது'ன்னு சிரிச்சார்."