மாமாவா, மருமகனா?

"நான் அவன்கிட்ட பேசறதா இல்லக்கா. நீயே சொல்லு. பெரிய ஆட்டக்காரன் நானா, உன் பிள்ளையா?"

சலவைக்கடையில் இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றார். இந்தப் பக்கம் மகன். நடுவில், கையில் இஸ்திரிப் பெட்டியோடு அக்கா.

தம்பி ஒரு காலத்தில் நாட்டுக்காக டெஸ்ட் ஆடியவர். அக்கா மகன் இப்போது ஆடிக்கொண்டிருப்பவன். மாமாவைவிட ஒரு சதம் கூடுதலாக அவன் அடித்தான், அன்றைக்குப் பிடித்தது சனி. டி.வி.க்காரர்கள் இருவரையும் தராசில் வைத்து நிறுக்க, அவர் அங்கே ஒன்று சொல்ல, இவன் இங்கே ஒன்று சொல்ல, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. தூக்கி வளர்த்த தம்பியும் பெற்ற பிள்ளையும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பேரையும் கடைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

"எங்க காலத்துல ஒரு ஓவர்ல எத்தனை பவுன்சர் வேணும்னாலும் போடலாம். தலையையும் காப்பாத்திக்கணும், ரன்னும் எடுக்கணும். இப்போ என்னடான்னா பேட் ஓரத்துல பட்டாலே பந்து பவுண்டரிக்கு ஓடுது!"

"அம்மா, அவர் எப்படி அவுட்டாவார்னு அப்போ எவன் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணினான்? நான் மூச்சு விடறதைக்கூடப் படம் பிடிச்சு, எங்கே ஓட்டைன்னு கம்ப்யூட்டர்ல தேடறாங்க. அதையும் மீறித்தான் அடிக்கறேன்."

"கேட்டியாக்கா, பேச்சை!"

துணி மடித்துக்கொண்டிருந்த புது மருமகள், கணவனும் அவன் மாமாவும் கைகலப்பில் இறங்கிவிடுவார்களோ என்று பயந்தாள்.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "டேய், நீ ரொம்ப அலட்டிக்காதே. வெளியே போற பந்தைக் கண்டா உனக்குக் கை அரிக்கும். நாலு பந்து நல்ல பிள்ளையா விட்டுட்டு, அஞ்சாவதைத் துரத்திக்கிட்டுப் போய் மாட்டுவே."

தம்பி வாய்விட்டுச் சிரித்தார்.

"நீ என்ன சிரிப்பு? உள்ளே திரும்பற பந்துக்கு உன் முன்னங்கால் என்னிக்காவது நகர்ந்திருக்கா? அங்கேயே வேர் விட்டு நிக்கும்."

சிரிப்பு பாதியில் நின்றது.

மருமகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அத்தை, மேட்ச் நடக்கறப்போகூட நீங்க கடையிலதானே இருக்கீங்க. இதெல்லாம் எப்படித் தெரியும்? இவர் பேன்ட்ல தொடைப் பக்கம் சிவப்பா பந்துத் தடம் இருக்குமே, துவைக்கறப்போ அதைப் பார்த்தே கண்டுபிடிச்சீங்களா?"

தம்பி மெல்ல அக்கா மகன் பக்கம் திரும்பினார். "டேய், நீ இவகிட்ட சொல்லவே இல்லையா?"

"சொன்னா நம்பணுமே, மாமா!"

மாமா என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் அக்காவின் நெஞ்சு குளிர்ந்தது. காட்டிக்கொள்ளாமல் அடுத்த சட்டையை விரித்தாள்.

தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மருமகளிடம் சொன்னார்: "அந்தத் தடமே உன் அத்தை போட்ட பந்தும்மா! கொல்லைப்புறத்துல அன்னிக்கு எனக்குப் பந்து போட்டவ, இன்னிக்கும் இவனுக்குப் போடறா. எங்க ரெண்டு பேரையும் உலகத்துல இவ அளவுக்கு அவுட்டாக்கின பவுலர் ஒருத்தரும் கிடையாது!"

"பெரிய ஆட்டக்காரன் யாருன்னுதானே கேட்டீங்க?" அக்கா சட்டைக் காலரை நீவிவிட்டாள். "என் பந்துக்கு அவுட்டாகாதவன்தான். அப்படி ஒருத்தன் இந்த வீட்டுல இன்னும் பொறக்கலை."