கட்டிப்போட்ட கடல்

மகனை எடுத்துக்கொண்ட கடல் அவன் உடலைக்கூடத் திருப்பித் தராத வருடம், அமலோற்பவம் தன் விசைப்படகுகளை விற்றுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்டினாள். அதே கரையின் உப்பளத்திலிருந்து மூட்டை மூட்டையாக உப்பை வரவழைத்துத் தண்ணீரில் கொட்டினாள். அந்த உப்பிலிருந்தே குளோரினைப் பிரித்து, தண்ணீரில் முளைக்கும் எதையும் கொல்கிற இயந்திரம் இரவும் பகலும் ஓடியது. அதன் தகடுகளில் படியும் வெள்ளைப் பொருக்கை அவளே ஆசிட்டில் முக்கி, அது நுரைத்துச் சீறி அடங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அலையோ மீனோ இல்லாமல், நீல ஓடுகளுக்கு நடுவே கடல் மல்லாந்து கிடந்தது.

சர்வீசுக்கு வந்த கில்பர்ட் தயங்கித்தான் சொன்னான்.

"ஒரு பொட்டுப் பாசி இல்லக்கா. மெஷினக் கொஞ்சம் கொறச்சு வைப்போமா? யாரும் குளிக்கிற மாதிரியே தெரியலையே."

"குளிக்கவா கட்டுனேன்? இதுக்குள்ள ஒரு உசுரும் இருக்கக் கூடாது. ஓடட்டும்."

அவன் போனதும் நிலவு எழும்பியது. பௌர்ணமி. இலைகூட அசையவில்லை. குளத்துத் தண்ணீர் மட்டும் ஒரு படி இறங்கியது. பிறகு மெல்ல ஏறி வந்து, விளிம்பில் உட்கார்ந்திருந்த அவள் பாதங்களைத் தொட்டது.

அமலோற்பவம் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"வலிக்குதா" என்று கேட்டாள்.

பிறகு எழுந்து போய், இயந்திரத்தின் குமிழை அதன் கடைசி எண்வரை திருகினாள்.