மணி நின்ற பிறகு

"கதவைத் திறய்யா. என் ஓட்டு உள்ள போகணும்."

சட்டசபையின் வடக்கு வாசலில் ஆளுங்கட்சிக் கொறடா மூச்சிரைக்க நின்றார். எதிரே, அப்போதுதான் பூட்டிய கதவுக்கு முதுகைக் கொடுத்தபடி கதவுக் காவலர்.

"மணி நின்னுடுச்சுங்க ஐயா."

"இப்பத்தானய்யா நின்னுச்சு?"

"ஆமாங்க. நின்னதும் பூட்டிட்டேன்."

வாக்கெடுப்புக்கு முன் இரண்டு நிமிடம் மணி அடிக்கும். நின்றதும் கதவைப் பூட்ட வேண்டும். முடிவை அறிவிக்கும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது.

கட்சிக்காரர்களைத் திரட்டி உள்ளே அனுப்புவதுதான் கொறடாவின் வேலை. கேண்டீனில் இருந்த இரண்டு பேரைத் துரத்தி அனுப்பினார். மூன்றாவது ஆளைத் தேடிக் கழிப்பறைவரை போனார். அந்த ஆள் முன்பே உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரையும் மேய்ச்சு உள்ள விட்டுட்டு நானே வெளியில நிக்கிறேன் பாரு. சிரிக்கப் போறாங்க. திறய்யா."

காவலர் அசையவில்லை.

கொறடா குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. அஞ்சு வருஷம் இன்னியோட முடியுது. இதுதான் கடைசிக் கூட்டம். இன்னிக்குத் தோத்தா மசோதா செத்துப்போச்சு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணி பம்புன்னு எத்தனை ஆயிரம் தற்காலிக ஆளுங்க வேலை நிரந்தரமாகும்னு காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

"தெரியுங்க ஐயா."

"தெரிஞ்சுமா அவங்க வயித்துல அடிக்கிறே?"

காவலர் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். முதல் தடவை சாவி பைக்குள் போகவில்லை.

"போன வருஷம் எதிர்க்கட்சித் தலைவர் இதே இடத்துல நின்னாருங்க. அவருக்கும் நான் திறக்கல. அன்னிக்கு நீங்கதான் என் முதுகுல தட்டிக்கொடுத்தீங்க."

தாழ்வாரத்து ஒலிபெருக்கியில் சபாநாயகரின் குரல் கேட்டது. ஆதரவு ஐம்பத்தெட்டு. எதிர்ப்பு ஐம்பத்தொன்பது.

காவலர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அரைமணி நேரத்தில் அவரைச் சபாநாயகர் அறைக்கு அழைத்தார்கள். கொறடா அங்கே இருந்தார். சபைச் செயலர் ஒரு கோப்போடு ஓரமாக நின்றார்.

"என் ஓட்டு விழுந்திருந்தா சமம். சமமானா சபாநாயகர் ஓட்டுப் போடலாம், உங்க ஓட்டுல ஜெயிச்சிருப்போம்" என்றார் கொறடா. "இந்த ஆள் யாரோ சொல்லித்தான் பண்ணியிருக்கான்."

சபாநாயகர் காவலரைப் பார்த்தார். "இவர் வர்றதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க. நாலு படி பாக்கி இருந்துச்சு."

"பார்த்துட்டுமா பூட்டினீங்க?"

"ஒருத்தருக்காக நிறுத்தினா, அப்புறம் எல்லாருக்கும் நிறுத்தணுமேங்க."

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"மணிதாங்க."

சபாநாயகர் மேசை மேலிருந்த விதிப்புத்தகத்தைத் தொட்டார், திறக்கவில்லை.

"விதி எல்லாம் எனக்கும் தெரியும்" என்றார் கொறடா. "விசாரணை முடியறவரைக்கும் இவனைச் சஸ்பெண்ட் பண்ணுங்க. இப்பவே."

செயலர் கோப்பைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"பண்ண முடியாதுங்க."

"ஏன், உங்களுக்குச் சொந்தக்காரனா?"

"நிரந்தர ஊழியரைத்தான் சஸ்பெண்ட் பண்ணலாம். இவர் பதினாலு வருஷமா தற்காலிகம்" என்றார் செயலர். "நீங்க ஓட்டுப் போட ஓடி வந்தீங்களே, அந்த மசோதாவோட பட்டியல்ல இவர் பேரும் இருந்துச்சு."